முப்பத்திரண்டு கிலோவுக்குள் செவலை

நான் வேலை பார்த்த தேனி ஏலக்காய் மண்டியில் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று உண்டு. சரக்கு வரத்து இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதன் மேல் எங்கள் நாயை நிறுத்தி எடை பார்ப்பது அந்த வருடம் எனக்கு வழக்கமாகிவிட்டது. குடும்பத்தோடு ஜெர்மனிக்குக் குடிவந்ததைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் விசாவைப் பற்றிக் கேட்பார்கள், குளிரைப் பற்றிக் கேட்பார்கள், அரிசி கிடைக்கிறதா என்பார்கள். எனக்கோ அந்தப் பயணம் என்றால் முதலில் ஞாபகம் வருவது அந்தத் தராசும் அதன் சிவப்பு எண்களும்தான்.

எண்களைக் குறித்து வைப்பது என் சுபாவம். பள்ளிக்கூட நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்தால் எப்போது தொடங்கி எப்போது விட்டது என்று எழுதுவேன். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை எழுதுவேன். என் மனைவி இதைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள், ஆனால் சிலிண்டர் எப்போது தீரும் என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வருவாள்.

அவள் தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஜெர்மன் மொழி படிக்கத் தொடங்கினாள். இரவுப் பணி முடிந்து வந்து, காலையில் இட்லி வேகும் நேரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுப்பாள். பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். கடைசியில் ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரின் மருத்துவமனை அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஜூன் மாதம் சேர வேண்டும். நானும் எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகளும் கூடப் போகலாம் என்று கடிதம் வந்தது. வீட்டில் அன்று பாயசம் வைத்தோம். பாயசம் குடித்து முடித்த பிறகு மகள் கேட்டாள், செவலைக்கு எப்போது பாஸ்போர்ட் எடுப்பது என்று.

செவலை எங்கள் நாய். கோம்பை இனத்துப் பெட்டை. உடம்பெல்லாம் செம்மண் நிறம், மூக்கைச் சுற்றி மட்டும் கரி பூசியதுபோல் கறுப்பு. என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், கோம்பையில் மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் தோப்பில் பிறந்த குட்டி அது. எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைச் சும்மா வாங்கக்கூடாது என்பார்கள். அதனால் ஒரு ரூபாய் நாணயத்தை அவர் கையில் வைத்துவிட்டு எடுத்து வந்தோம். அவரோ அதை விற்றதாகவும் நினைக்கவில்லை, கொடுத்ததாகவும் நினைக்கவில்லை. தன் வீட்டுப் பெண்ணை எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்ததாகத்தான் கடைசிவரை நினைத்தார். எங்களுக்குப் போன் செய்தால், தங்கச்சியை விசாரிக்கும் முன்பே நாயை விசாரிப்பார்.

நாயைக் கூட்டிப் போக முடியுமா என்று நான் விசாரித்தேன். முடியும், ஆனால் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் தோலுக்கடியில் சிப். அதற்குப் பிறகுதான் வெறிநாய்த் தடுப்பூசி. பிறகு ஒரு மாதம் பொறுத்து ரத்தம் எடுத்து வெளிநாட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அது சரியாக வந்தால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் முதலிலிருந்து. இது எனக்காகவே செய்து வைத்த வேலைபோல் இருந்தது. ஒரு படிகூடத் தவறவில்லை.

மிச்சம் இருந்தது எடை மட்டும். நாங்கள் சீட்டு எடுத்த விமானத்தில், நாயும் கூண்டும் சேர்த்து முப்பத்திரண்டு கிலோவுக்குள் இருந்தால் எங்களோடு அதே விமானத்தில், பயணிகளின் பெட்டிகள் போகும் இடத்தில் ஏற்றுவார்கள். அதற்கு மேல் போனால் அது சரக்கு. சரக்காக அனுப்புவதற்கு ஏஜெண்ட் வேண்டும், வேறு விமானம். கோடையில் நாயைச் சரக்காக ஏற்றமாட்டார்கள் என்றும், வெயில் தணிந்து புரட்டாசிக்கு மேல் பார்க்கலாம் என்றும் சென்னை ஏஜெண்ட் போனில் சொன்னார். அதைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னேன். மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அது ஏறுற பிளேன்லதான் நானும் ஏறுவேன். அது புரட்டாசியிலன்னா நானும் புரட்டாசியில. அதுவரைக்கும் உத்தமபாளையத்துல அத்தை வீட்டுல இருந்துக்கிறேன்."

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் மகள் சொன்னால் சொன்னதுதான். நாலாம் வகுப்பில் பாகற்காய் சாப்பிட மாட்டேன் என்றவள் இன்றுவரை தொட்டதில்லை. புரட்டாசி என்றால் அங்கே பள்ளிக்கூடம் தொடங்கி நடந்துகொண்டிருக்கும். ஒரு வருடம் வீணாகும். அதைவிட, அவளை இங்கே விட்டுவிட்டு அங்கே போய் வார்டில் நின்று மருந்து எடுத்துக் கொடுக்க என் மனைவியால் ஆகாது. அதை அவள் வாய் திறந்து சொல்லவில்லை. சிரித்து முடித்த பிறகு எழுந்து போய், கூண்டின் எடை எவ்வளவு என்று கேட்டாள். அவள் கேட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கூண்டு, உள்ளே போடும் விரிப்பும் கிண்ணமும் சேர்த்து, எட்டு கிலோ அறுநூறு. மதுரையிலிருந்து வாங்கி வந்த பிளாஸ்டிக் கூண்டு. செவலை முதல் ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு நானூறு. இரண்டும் சேர்த்து முப்பத்தொன்று. ஒரு கிலோ மிச்சம். நிம்மதியாக இருந்தது.

மூட்டை இறக்கும் ஆட்கள் இரண்டு பேர் அன்று மண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மண்டியில் மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழித்துத்தான் எழுதுவோம். செவலை தராசில் நின்றதும் ஒருவர் எட்டிப் பார்த்து, "அண்ணே, இதுக்குச் சாக்கு எம்புட்டுக் கழிக்கிறது?" என்றார். மற்றவர், தரம் நல்ல தரம்தான், கறுப்பு மட்டும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்றார். செவலை இரண்டு பேரையும் பார்த்து வாலை ஆட்டியது. எடை குதித்துக்கொண்டே இருந்ததால் மறுபடி நிறுக்க வேண்டியதாயிற்று.

நான் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது, விருந்து.

எங்கள் பள்ளத்தாக்கில் யாராவது வெளிநாட்டுக்குக் குடிபோகிறார்கள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் போக முடியாது. "அவுக வீட்டுல சாப்பிட்டீக, எங்க வீட்டுல கை நனைக்காமப் போறீகளா?" என்று கேட்டுவிடுவார்கள். அப்படி ஒருவர் கேட்டால் அதற்குப் பிறகு பத்து வருடத்துக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு காத்திருந்த அந்த மூன்று மாதமும் எங்களுக்கு விருந்து மாதமாயிற்று. கெங்குவார்பட்டியில் மனைவியின் சித்தப்பா வீடு. சின்னமனூரில் என் பெரியப்பா மகன் வீடு. போடியில் இரண்டு வீடு. கம்பத்தில் ஒரு வீடு, அங்கே பன்னீர்த் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே இலை போட்டார்கள்.

எல்லா வீட்டிலும் நாயையும் கூட்டி வரச் சொன்னார்கள். அதுவும்தானே போகிறது என்பது அவர்கள் நியாயம். ஜெர்மனிக்குப் போகும் மனிதர்களை எங்கள் பக்கத்தில் பார்த்திருக்கிறார்கள், ஜெர்மனிக்குப் போகும் நாயை யாரும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வந்தார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். விமானத்தில் ஜன்னல் சீட்டா என்று கேட்பார்கள். அங்கே போய் எந்த பாஷையில் குரைக்கும் என்று ஒரு சித்தப்பா எல்லோரிடமும் கேட்டார். பிறகு ஒரு தட்டில் ஆட்டுக்கறியும் எலும்பும் வரும்.

நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் முன்பு போன் செய்து, நாய்க்கு எதுவும் கொடுக்க வேண்டாம், எடைக் கட்டுப்பாடு இருக்கிறது என்று விளக்கமாகச் சொல்வேன். எல்லோரும் சரி என்பார்கள். எல்லோரும் கொடுத்தார்கள். யாரும் என்னை மீற நினைக்கவில்லை. இன்று ஒரு நாள்தானே என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அவர்களுக்கு அது ஒரு நாள்தான். செவலைக்கு அது எல்லா நாளும்.

கோம்பையில் மச்சான் வீட்டு விருந்து மாசிக் கடைசியில். அங்கே எனக்கும் என் மனைவிக்கும் இலை போடும் முன்பே செவலைக்கு வாழை இலை போட்டுவிட்டார்கள். அதில் ஒரு முழு நாட்டுக்கோழி. நான் மெதுவாகத் தொடங்கினேன். கிலோ என்றேன், கூண்டு என்றேன். மச்சான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"மாப்ள, பொறந்த வீட்டுக்கு வந்த பிள்ளைய, கஞ்சியக் குடிச்சிட்டுப் போன்னு சொல்லச் சொல்றீகளா?"

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். செவலை கோழியை எலும்பு மிச்சமில்லாமல் முடித்துவிட்டு மச்சானின் காலடியில் படுத்துக்கொண்டது.

பங்குனி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசு இருபத்தாறு நூறு காட்டியது. கூண்டோடு சேர்த்தால் முப்பத்து நான்கு எழுநூறு. நான் நாயை இறக்கித் தராசைப் பூஜ்யமாக்கி மறுபடி ஏற்றினேன். அதே எண். மூட்டை ஆட்களில் ஒருவர் அருகில் வந்து குனிந்து பார்த்து, "ஈரம் கூட இருக்கும்போல அண்ணே. ரெண்டு நாள் வெயில்ல காயப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அன்று வீட்டுக்கு வந்து நான் எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி பின்னால் வந்து நின்றாள். "நீங்க எழுதுறதுனால அது எளைக்காது. தட்டுல விழுறது குறையணும்" என்றாள். மறுநாளிலிருந்து அவளே அளந்து வைத்தாள். செவலை தட்டைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, மறுபடி தட்டைப் பார்த்தது. பிறகு எங்கள் மகளின் பக்கத்தில் போய் நின்று ஒரு பெருமூச்சு விட்டது. மகள் தன் ஆம்லெட்டில் பாதியை மேசைக்கடியில் கொடுத்ததை நான் பார்த்தேன். அது கூடவே வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் அவள்தான். அது பசியோடு நிற்பதைப் பார்க்க முடியாதவளும் அவள்தான். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சித்திரையில் என் மனைவிக்குச் சென்னையில் கடைசிக் கட்டப் பயிற்சி வந்தது. மூன்று வாரம். எனக்கோ மண்டியில் பொறுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைக்கும் வேலை, காலையில் போனால் இருட்டித்தான் வருவேன். மகளையும் நாயையும் உத்தமபாளையத்தில் என் அக்கா வீட்டில் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. பள்ளி விடுமுறை, அவளுக்கும் அங்கே போகத்தான் ஆசை.

எனக்குத்தான் பயம். காரணம், எங்கள் குடும்பத்திலேயே பெரிய கை என் அக்காவுக்கு. அவள் சோறு போட்டால் போதும் என்று சொல்லி இலையை மடிப்பதற்குள் இன்னொரு கரண்டி விழுந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். பிரியாணி செய்கிற நாளில் அங்கிருந்து எங்கள் அக்கா வீட்டுக்கு ஒரு சட்டி வரும், கூடவே நாய்க்கென்று தனியாக ஒரு பொட்டலம் எலும்பு. இது போதாதென்று இன்னொன்றும் இருந்தது. அக்காவின் இரண்டு மகன்களும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். அத்தானோ பேச்சு குறைந்தவர். என் மகள் ஒருவேளை இங்கேயே இருந்துவிட்டால் என்று நாங்கள் பேசிக்கொண்டது அவள் காதுக்குப் போனதும் மறுநாளே ஒரு புதுக் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டாள். "இருக்கட்டும்டா தம்பி. இங்கன என்ன பள்ளிக்கூடம் இல்லையா?" என்று போனில் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் செவலையின் எடை ஏறினால் என் வீட்டில் யாருக்குச் சந்தோஷம் என்று யோசித்தால் அவள் ஒருத்திதான் வந்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் உத்தமபாளையம் போனேன். அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் கமிஷன் கடை இருந்தது, அங்கே நிறுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அக்கா விடவில்லை. வந்ததும் வராததுமாகத் தராசைத் தேடாதே, சாப்பிடு என்றாள். அடுப்பில் குழம்பு கொதித்தது. கொல்லையில் செவலை நிழலில் மல்லாந்து படுத்து, நான் வந்ததற்கு ஒரு காதை மட்டும் அசைத்தது. அப்படிக் களைத்துப்போய்த் தூங்கும் நாய் வயிறு முட்டத் தின்ற நாய் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். தேனிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏஜெண்டுக்கு மறுபடி போன் செய்து, புரட்டாசிக்கு எந்தத் தேதியில் இடம் கிடைக்கும் என்று கேட்டேன். அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து மனைவி கேட்டதற்கு, எடை பார்க்க நேரமில்லை என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், நாயை மட்டும் அவிழ்த்துக் கூட்டிப் போய் நிறுத்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். பஸ் நிறுத்தத்திலிருந்து முல்லைப் பெரியாற்றுப் பாலத்தின் பக்கமாக நடந்து வந்தேன். ஆற்றங்கரை ஓரத்தில் ஒரு டீக்கடை. டீயைக் கையில் வாங்கித் திரும்பியபோது கரைச் சாலையில் தூரத்தில் ஒரு கூட்டம் வருவதுபோல் தெரிந்தது. கூட்டம் இல்லை. மூன்று பேர்தான், ஆனால் ஒரு கூட்டத்தின் சத்தம் இருந்தது.

முன்னால் செவலை. அது கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தது. கயிற்றின் மறுமுனையில் என் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். காலில் அவள் மகன் விட்டுப்போன வெள்ளை ஷூ, அளவு பெரிது, ஒவ்வொரு அடிக்கும் டப் டப் என்று சத்தம் கேட்டது. பின்னால் சைக்கிளில் என் மகள். அவள் மிதிக்கவே இல்லை, உருட்டிக்கொண்டு வந்து கத்தினாள்.

"அத்தை, யாரு யாரைக் கூட்டிட்டுப் போறாக?"

டீக்கடைக்காரர் என்னிடம், இப்போது கொஞ்சம் தேவலை, முதல் இரண்டு நாள் அந்த அம்மா பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார், நாய் பக்கத்தில் காவல் நிற்கும் என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. டீயை வைத்துவிட்டுச் சாலைக்கு வந்தேன்.

"ஏலே, எப்ப வந்த?" என்றாள் அக்கா. "பேசாத. மூச்சு வாங்குது."

மகளையும் நாயையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் கரையில் இருந்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம். ஆற்றில் அப்போது தண்ணீர் குறைவு. அக்கா ஒரு ஷூவைக் கழற்றி மண்ணைக் கொட்டினாள். நான் சந்தேகப்பட்டதைச் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீ நெனச்சதுதான்டா மொதல்ல நானும் நெனச்சேன். நாய் கனத்துப்போச்சுன்னா பிள்ள இங்கனயே இருந்துரும்னு. கட்டில்கூட வாங்கிப் போட்டேன்ல."

ஷூவைக் கட்டையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"தெனமும் சாயங்காலம் அவ அம்மாகூட போன்ல சிரிச்சு சிரிச்சுப் பேசுறா. போன வச்சதும் கொல்லையில போயி அந்த நாய்கிட்ட உக்காந்துக்கிறா. சோத்துக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்குறா. மூணு வாரத்துக்கே இப்படி. புரட்டாசி வரைக்கும் அத எப்படிடா நான் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

அக்கா ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அதோட, இவ இங்கன இருந்தான்னு வையி, விடிஞ்சும் விடியாம எழுப்பி நடக்க வச்சே என்னையக் கொன்னுருவா. அதுக்கு ஜெர்மனிக்கே போகட்டும்."

சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் ரொம்ப நாளாக அவளை நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோ இல்லாமல் கோயிலுக்குக்கூடப் போகாதவள். வீட்டுக்குப் போகும் வழியில் மற்ற விஷயங்களும் தெரிந்தன. பக்கத்து வீட்டில் போய் அவளே பேசி, எலும்புப் பொட்டலத்தை நிறுத்தியிருந்தாள். மகளின் ஆம்லெட்டையும் கண்டுபிடித்திருந்தாள். அவளைத் திட்டவில்லை, முட்டை வாங்குவதையே நிறுத்திவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை என்னை நிறுக்க விடாததற்குக் காரணம் கேட்டேன். அப்போது எடை நினைத்த அளவு குறையவில்லையாம். தேங்காய்க் கடையில் அவளே முந்தின நாள் நிறுத்துப் பார்த்துவிட்டாள். என் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம் என்று சாப்பாட்டைப் போட்டு அனுப்பியிருக்கிறாள்.

அன்று தேங்காய்க் கடையில் செவலை இருபத்து நான்கு முந்நூறு. இன்னும் ஒரு கிலோ இறங்க வேண்டும்.

மீதமிருந்த விருந்துகளை என்ன செய்வது என்பதற்கும் அக்காதான் வழி சொன்னாள். இனிமேல் நாய் எந்த வீட்டுக்கும் போகாது, பார்க்க ஆசைப்படுகிறவர்கள் காலையில் ஆற்றங்கரைக்கு வரட்டும், கூட நடக்கட்டும் என்றாள். நான் சொல்லியிருந்தால் கோபித்திருப்பார்கள். அவள் சொன்னதால் வந்தார்கள். வைகாசி பிறக்கும் முன்பு ஒரு நாள் மச்சானே கோம்பையிலிருந்து பைக்கில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழுத் தூரமும் நடந்தார். பிள்ளை இளைத்துவிட்டதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

புறப்படும் வாரத்தில் அக்காவே செவலையைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு வந்தாள். எனக்குத் தேங்காய்க் கடைத் தராசில் நம்பிக்கை இல்லை, மண்டித் தராசில்தான் கடைசி எடை பார்க்க வேண்டும் என்றிருந்தேன். இருபத்திரண்டு தொள்ளாயிரம். கூண்டோடு முப்பத்தொன்று ஐநூறு. மகள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூட்டை ஆட்கள், நன்றாகக் காய்ந்த சரக்கு, இப்போது ஏற்றுமதிக்கு அனுப்பலாம் என்றார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் தராசில் ஏறினாள். "என்னையும் பாரு. நம்பரச் சத்தமா வாசிக்காத" என்றாள். அதனால் அந்த எண்ணை இங்கேயும் எழுதவில்லை. இறங்கும்போது அவள் முகம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

சென்னைக்கு வேனில் போனோம். வழியனுப்ப மச்சானும் அக்காவும் கூட வந்தார்கள். மச்சான் பின்சீட்டில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழியில் நின்ற இடங்களிலெல்லாம் அவரே நாயை இறக்கி, நடக்கவிட்டு, தண்ணீர் காட்டி, மறுபடி ஏற்றினார். எனக்கு வேலை மிச்சம் என்று நான் முன்னால் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் அவர்கள் இருவரும் வாசலோடு நின்றுகொண்டார்கள், நாங்கள் உள்ளே போனோம்.

கவுண்டரில் இருந்த பெண் எங்கள் பெட்டிகளை முதலில் வைக்கச் சொன்னார். மகள் தன் பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. முதலில் நாயை நிறுத்துச் சொல்லுங்கள், அது போகிறது என்று தெரிந்த பிறகுதான் என் பெட்டி என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். கூண்டைத் தூக்கி வைத்தோம்.

முப்பத்து மூன்று நானூறு.

நான் வாழ்க்கையில் எத்தனையோ எண்களைப் பார்த்திருக்கிறேன், எந்த எண்ணையும் அப்படி மறுபடி மறுபடி வாசித்ததில்லை. தராசு தவறாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னைத் தாண்டிப் போய், கூண்டின் கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். நர்ஸ்கள் நோயாளியின் கட்டிலைப் பார்க்கும் பார்வை அது. பிறகு "எங்க அண்ணன்" என்று மட்டும் சொன்னாள்.

செவலையை வெளியே எடுத்தோம். அதன் அடியில் நான் போட்டிருந்த மெல்லிய விரிப்பு இல்லை. நாலாக மடித்த புது ஜமுக்காளம் இருந்தது. நான் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கிண்ணத்தின் இடத்தில் கனமான எவர்சில்வர் கிண்ணம் கம்பி வைத்துக் கட்டப்பட்டிருந்தது. ஜமுக்காளத்துக்கு அடியில் வாழைச்சருகில் பொதிந்து, மேலே பேப்பர் சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் பை போட்ட ஒரு பொட்டலம். பிரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை, கவுண்டர் முழுவதும் கருவாட்டு வாசம். பெண்ணை அனுப்பும்போது சீர் வைத்து அனுப்பியிருக்கிறார் மச்சான். கவுண்டர் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தமிழ்ப் பெண்தான்.

நான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். காவலர் என்னை வெளியே விடவில்லை, கண்ணாடிக் கதவருகே நின்று கொடுத்துக்கொள்ளச் சொன்னார். மச்சான் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பழைய விரிப்பையும் தன் பையில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார். அவர் கையில் சீர் திரும்பி வந்தபோது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

"வெறுங்கையோடயா மாப்ள அனுப்புறது?" என்றார்.

பின்னாலிருந்த அக்கா அவர் கையிலிருந்து கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் எம்புட்டு நடந்து எறக்குனத, நீங்க ஒரு வேன்ல ஏத்திப்புட்டீகளே" என்றாள். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டார். நான் திரும்பி ஓடினேன்.

முப்பத்தொன்று அறுநூறு. மண்டித் தராசுக்கும் இதற்கும் நூறு கிராம் வித்தியாசம். கவுண்டர் பெண் கூண்டின் மேல் சீட்டை ஒட்டினார். மகள் அப்போதுதான் தன் பெட்டியைத் தானே தூக்கி பெல்ட்டில் வைத்தாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கைப்பையில் எதையோ தேடினாள். அதில் தேட ஒன்றுமில்லை, பாஸ்போர்ட் மூன்றும் என் கையில் இருந்தன.

விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் மகள் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கீழே பெட்டிகள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பணிப்பெண் இரண்டு முறை வந்து சொன்னார். மூன்றாவது முறை வந்தபோது என் மனைவி, வீட்டில் இட்லி அடுப்பருகே நின்று படித்த ஜெர்மனில், கீழே ஒரு நாய் இருக்கிறது, அது ஏறிவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். உண்மையான ஒரு ஜெர்மன்காரரிடம் அவள் நேருக்கு நேர் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பணிப்பெண் புரிந்துகொண்டு முன்பக்கம் போனார். திரும்பி வந்து குனிந்து மகளிடம் ஏதோ சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. மகளுக்கும் புரிந்திருக்காது. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏறிருச்சாம். தூங்குதாம்" என்றாள் என் மனைவி.

மகள் பெல்ட்டை மாட்டினாள்.